ஒரு புத்தகம், மூன்று மலைத்தொடர்: செருப்புப் பெட்டியில் செய்யும் நூல் அறிமுகம்

"படித்த புத்தகத்தைப் பற்றி எழுதி வா" என்று பள்ளியில் சொன்னால் பெரும்பாலும் வருவது இதுதான்: நூலின் பெயர், ஆசிரியர் பெயர், ஒன்றரைப் பக்கக் கதைச்சுருக்கம், கடைசி வரியில் "இந்நூல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது". பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, நாம் கேட்டதே அதைத்தான். கதையில் என்ன நடந்தது என்று கேட்டோம், சொல்லிவிட்டார்கள். படிக்கும்போது அவர்களுக்குள் என்ன நடந்தது, எந்தப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், எந்தப் பக்கத்தில் கொட்டாவி வந்தது, இதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் நூல் அறிமுகத்தில் முக்கியமானது என்று படுகிறது. அதைக் கேட்கிற ஒரு செய்முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை நன்றாக வரும். நீலகிரிப் பிள்ளைகளுக்கு இன்னும் எளிது, ஏனென்றால் பார்த்துச் செய்ய வேண்டிய மாதிரி ஜன்னலுக்கு வெளியிலேயே நிற்கிறது.

மழை விட்ட மறுநாள் காலையில், மேகம் இறங்குவதற்கு முன்னால், கோடநாடு காட்சிமுனையிலோ தொட்டபெட்டாவிலோ, அவ்வளவு தூரம் போக முடியாதென்றால் உங்கள் ஊர் மேட்டிலோ நின்று பாருங்கள். பக்கத்து மலை கரும்பச்சை, அதற்குப் பின்னால் இருப்பது நீலம், அதற்கும் பின்னால் இருப்பது வெளிறிய நீலம், கடைசியில் வானமா மலையா என்றே தெரியாது. தூரம் கூடக் கூட நமக்கும் மலைக்கும் நடுவே காற்று அதிகம், அந்தக் காற்று சிதறடிக்கும் வெளிச்சமும் மலையின் நிறத்தோடு சேர்ந்துகொள்கிறது, அதனால்தான் இந்த வெளிறல். பெட்டிக்குள் நாம் செய்யப்போவதும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தொடர்கள்தான்.

பின்னால் நிற்கும் வெளிறிய தொடர், கதையில் நடந்தது. நடுவில் இருப்பது முக்கியப் பாத்திரத்தின் மனம். முன்னால், அழுத்தமான நிறத்தில், படித்த உங்களுடைய மனம். மூன்றுமே ஒரே புத்தகத்தின் மேடு பள்ளங்கள். இடமிருந்து வலமாகப் பக்க எண்கள் ஓடும். கதைச்சுருக்கத்தைப் பின்னால் தள்ளியது யோசித்துச் செய்ததுதான். அது புத்தகத்தைப் படித்த எல்லோருக்கும் ஒன்றுதான், முன்வரிசைதான் ஆளுக்கு ஆள் மாறும்.

முதலில் சீட்டு

வேலை பெட்டியில் ஆரம்பிக்காது, படிக்கும்போதே ஆரம்பித்துவிடும். நோட்டுத் தாள் ஒன்றை நீளவாக்கில் பாதியாகக் கிழித்து, நான்கு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: பக்கம், நடந்தது, அவர் மனம், என் மனம். புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக அதையே வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும், அத்தியாயம் நீளமாக இருந்தால் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறையும், மூன்று கட்டத்திலும் 1 முதல் 5 வரை ஒரு எண் போடுங்கள். எங்காவது ஒரு வரி பிடித்து நிறுத்தினால் அந்தப் பக்கத்துக்கும் போடுங்கள்.

எண்ணின் பொருள் மூன்று கட்டத்துக்கும் ஒன்றல்ல. "நடந்தது" என்பதில் 1 என்றால் ஒன்றும் நகரவில்லை, 5 என்றால் எல்லாம் தலைகீழாகிவிட்டது. "அவர் மனம்" என்பதில் 1 என்றால் நொறுங்கிப்போயிருக்கிறார், 3 வழக்கமான நாள், 5 பூரித்துப்போயிருக்கிறார். "என் மனம்" என்பது சந்தோஷத்தை அளப்பது இல்லை, இதைப் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொல்லிவிடுங்கள். புத்தகம் நம்மை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதற்கான எண் அது. கொட்டாவி வந்தால் 1, சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்க முடியவில்லை என்றால் 5. அழவைத்த பக்கமும் 5 ஆக இருக்கலாம்.

படித்து முடித்த பிறகு மொத்தமாக உட்கார்ந்து எண் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். முடிவு தெரிந்தபின் மனம் எல்லாவற்றையும் சமன் செய்துவிடும். பயந்த இடம் பயமாக இல்லாததுபோலவும், சலித்த இடம் தேவையான இடம்போலவும் ஆகிவிடும். படித்த அந்த நிமிடத்து எண்தான் நமக்கு வேண்டும். சீட்டு கசங்கி, டீக்கறை பட்டிருந்தாலும் பரவாயில்லை, அதையே கடைசியில் பெட்டிக்கு அடியில் ஒட்டப்போகிறோம்.

எந்தப் புத்தகம்? 60 பக்கத்திலிருந்து 150 பக்கம் வரை உள்ள, ஒரே கதையாகப் போகிற புத்தகம் நல்லது. ஊரில் உள்ள கிளை நூலகத்தில் சிறுவர் பகுதியில் ஒரு மணி நேரம் துழாவினால் கிடைத்துவிடும், பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால், வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துப் பள்ளிகளுக்குக் கொடுத்த சின்னப் புத்தகங்களே போதும்; அவர்களுக்கு இரண்டு தொடர் போதும், நடுவில் உள்ளதை விட்டுவிடலாம். கவிதைத் தொகுப்புக்கு இந்த முறை சரிப்படாது, வலிந்து செய்ய வேண்டாம்.

பெட்டியும் அளவும்

பெரியவர்களின் செருப்புப் பெட்டி ஒன்று எடுங்கள், மூடியைப் பத்திரமாக வையுங்கள். பெட்டியை நீளப் பக்கம் தரையில் படும்படி சாய்த்து வைத்தால் திறந்த வாய் உங்களைப் பார்க்கும். ஏறக்குறைய 29 செ.மீ அகலம், 18 செ.மீ உயரம், 11 செ.மீ ஆழம் இருக்கும். உங்கள் பெட்டியை உள்பக்கமாக அளந்து அந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடர்களுக்குத் துணிக்கடைச் சட்டைக்குள் வைத்து வரும் அட்டை, இனிப்புப் பெட்டி அட்டை, பழைய நோட்டின் மேலட்டை, எதுவும் ஆகும். கத்தரிக்கோலுக்கு எளிதாக மசிகிற அட்டையாக இருக்க வேண்டும். தினசரி காலண்டரின் பின்னட்டை ரொம்பத் தடிமன், அதை வெட்ட பிளேடு தேவைப்படும், பிள்ளைகள் கையில் அது வேண்டாம். தெர்மாகோலும் வேண்டாம். நம் மலையில் பிளாஸ்டிக்குக்கு எதிராக இத்தனை வருடம் போராடிவிட்டு, பள்ளிச் செய்முறை என்ற பெயரில் அதை ஓடையில் கொண்டுபோய்ச் சேர்க்கக் கூடாது.

இப்போது கணக்கு. உங்கள் புத்தகம் 96 பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 29 செ.மீ அகலத்தில் ஒரு பக்கத்துக்கு 3 மி.மீ கொடுத்தால் 28.8 செ.மீ, கச்சிதமாக உட்காரும். அப்படியானால் 40-ஆம் பக்கம் இடது ஓரத்திலிருந்து 12 செ.மீ தள்ளி வரும். புத்தகம் எத்தனை பக்கமானாலும் பெட்டியின் அகலத்தைப் பக்கத்தால் வகுத்தால் அளவு கிடைத்துவிடும்.

உயரத்துக்கு ஒரு எண்ணுக்கு 1 செ.மீ. ஆனால் மூன்று தொடரும் ஒரே உயரத்தில் இருந்தால் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும். அதனால் முன் தொடரில் உங்கள் எண்ணோடு 1 கூட்டுங்கள், நடுத் தொடரில் 6, பின் தொடரில் 11. முன்னது 2 முதல் 6 செ.மீ, நடுவில் 7 முதல் 11, பின்னால் 12 முதல் 16 என்று படிக்கட்டுபோல ஏறும், மேலே கொஞ்சம் வானமும் மிஞ்சும். குழந்தைச் செருப்புப் பெட்டிதான் கிடைத்தது என்றால் எண்ணுக்கு முக்கால் செ.மீ என்று எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அட்டையில் புள்ளி வைத்துப் பென்சிலால் சேர்த்துக் கோடு இழுங்கள். ஸ்கேல் வைத்து இழுக்காதீர்கள், கையாலேயே இழுத்தால்தான் மலைபோல இருக்கும், ஆனால் புள்ளிகளின் உயரம் மாறக் கூடாது. அழகுக்காக ஒரு சிகரத்தைக் கூட்டினால் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும். வெட்டும்போது இடமும் வலமும் கீழேயும் ஒன்றரை செ.மீ விட்டு வெட்டி, அதைப் பின்பக்கமாக மடித்துக்கொள்ளுங்கள், ஒட்டுவதற்கு அந்த மடிப்புதான் பிடி. மூலைகளைச் சின்ன முக்கோணமாக நறுக்கிவிட்டால் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

நிறத்துக்கு ஒரே ஒரு நீல போஸ்டர் கலரும் வெள்ளையும் போதும். முன் தொடருக்கு நீலம் அப்படியே, ஒரு சொட்டுக் கறுப்போடு. நடுவில் நீலமும் வெள்ளையும் சமம். பின்னால் வெள்ளையில் நீலம் கொஞ்சமே கொஞ்சம். அட்டையின் இரண்டு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது அந்தப் பக்கமாகச் சுருண்டுகொள்ளும்.

பிறகு பின்னாலிருந்து முன்னால் ஒட்டி வாருங்கள். பெட்டியின் வாயிலிருந்து 8 செ.மீ உள்ளே கடைசித் தொடர், 5 செ.மீ-இல் நடு, 2 செ.மீ-இல் முன். முன்னதை முதலில் ஒட்டிவிட்டால் அப்புறம் உள்ளே கை போகாது.

ஈரம்

நம் பக்கத்தில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி ஈரம்தான். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இதைத் தொடவே வேண்டாம், அந்த மாதங்களைப் படிப்பதற்கும் சீட்டு நிரப்புவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை, அக்டோபர், நவம்பர்தான் சிரமம். நூலக வாரம் நவம்பர் 14-இல் தொடங்குகிறது, அதற்குக் காட்சிக்கு வைக்க வேண்டுமென்றால் செப்டம்பரிலேயே ஒட்டி முடித்துவிடுவது நல்லது. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் காலையில் ஒட்டாதீர்கள், குளிரில் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது. வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள்.

வீட்டில் மைதாப் பசை காய்ச்சினால் அன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுங்கள். இரண்டு ஸ்பூன் மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு சிறு தீயில் கிண்டினால் கண்ணாடிபோல வரும்போது இறக்கிவிடலாம். பூஞ்சை பிடிக்காமலிருக்க புத்தகம் பைண்டு செய்பவர்கள் மயில்துத்தம் சேர்ப்பார்கள், அது விஷம், பிள்ளைகள் தொடும் பசையில் சேர்க்கவே கூடாது. மைதாப் பசையில் தண்ணீர் அதிகம், அட்டை ஊறி நெளியும். அதனால் தாள் ஒட்டுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, தொடர்களின் மடிப்புக்குக் கடையில் வாங்கும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவி, துணி உலர்த்தும் கிளிப்பால் பிடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்டியே கோணிக்கொள்ளும்.

இடைவெளியைத் தேடுங்கள்

மலைத்தொடர் நின்றுவிட்டது, இனிமேல்தான் உண்மையான வேலை. மூன்று தொடரையும் ஒரே பக்கத்தில் மேலும் கீழுமாகப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஏறுகிற இடங்கள் இருக்கும், அவை புரிந்துகொள்ள எளிது. ஒன்று ஏறி இன்னொன்று இறங்குகிற இடத்தைத் தேடுங்கள்.

உதாரணத்துக்கு நாமே ஒரு கதை வைத்துக்கொள்வோம். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். தபால்காரத் தாத்தாவுக்குக் காய்ச்சல். பேத்தி ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டக் குறுக்குவழியில் மேல் ஹட்டிக்கு நடக்கிறாள். அந்தச் சரிவில் காட்டெருமை ஒன்று கன்றோடு நிற்கிறது என்று 31-ஆம் பக்கத்தில் தோட்டத்துக் காவலாளி வேறு யாரிடமோ சொல்லிவிட்டுப் போகிறார். அவள் அதைக் கேட்கவில்லை, நாம் கேட்டுவிட்டோம். 40-ஆம் பக்கத்தில் அவள் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறாள். நடந்தது என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, பின் தொடர் 1. அவள் மனம் 5. நம் மனமும் 5, ஆனால் வேறு காரணத்துக்கு. கதைச்சுருக்கம் எழுதினால் இந்தப் பக்கத்துக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. பெட்டியிலோ இதுதான் முதலில் கண்ணில் படுகிறது: பின்னால் பள்ளம், முன்னால் இரண்டு சிகரம். எழுதியவர் 31-ஆம் பக்கத்தில் அந்த ஒரு வரியை ஏன் வைத்தார் என்று பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிடும். இலக்கிய நயம் என்று நாம் பாடம் எடுப்பதைவிட இது ஆழமாகப் போகும் என்று நம்புகிறேன்.

இப்படிப்பட்ட இடம் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மூன்று தொடரிலும் அதே பக்கத்துக்கு நேராகக் கத்தரிக்கோலால் சின்ன வெட்டு கொடுத்து, ஒரு சிவப்பு நூலை முன்னாலிருந்து பின்னால் இழுத்து மாட்டுங்கள். நூலின் ஓரத்தில் பக்க எண் எழுதிய சின்னச் சீட்டு.

புரியாத இடத்துக்கும் பெட்டியில் இடம் உண்டு. பட்டர் பேப்பரைக் கையால் கிழித்து, புரியாமல் போன பக்கங்களுக்கு நேராக முன் தொடருக்கு முன்னால் மூடுபனிபோல ஒட்டச் சொல்லுங்கள். புரியவில்லை என்று வாயால் சொல்லக் கூச்சப்படுகிற பிள்ளையும் பனியை ஒட்டிவிடும். ஆசிரியர்களே, பனிக்கு மார்க் குறைக்காதீர்கள். வகுப்பில் பலருக்கும் ஒரே இடத்தில் பனி விழுந்திருந்தால் அந்தப் பக்கத்தை எல்லோருமாகச் சேர்ந்து படிக்க வேண்டும் என்று அர்த்தம்.

மரம், வீடு, ஆள் எல்லாம் வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் பக்க எண் இல்லாத பொருள் பெட்டிக்குள் போகக் கூடாது. தேவாலயம் வைத்தால் அது எந்தப் பக்கத்தில் வருகிறது? புத்தகத்தில் வராத மரத்துக்கு, எவ்வளவு அழகாக இருந்தாலும், இடமில்லை. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் இது கைவேலைப் போட்டியாக மாறாது, புத்தகமும் கையைவிட்டுப் போகாது. சில்வர் ஓக் இலையை நோட்டுக்குள் அழுத்திக் காயவைத்தால் ஒவ்வொரு கிளையும் குட்டி மரம், திருப்பினால் வெள்ளி நிறம். சைப்ரஸ் நுனி, தைல மரக் காய், கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி எல்லாம் நல்லதே. கீழே விழுந்ததை மட்டும் எடுங்கள், சோலைக்குள்ளும் வனத்துறை இடங்களுக்குள்ளும் போக வேண்டாம். பாதையோரம் எக்காளம்போலப் பெரிய பூ தொங்குமே, அந்த ஊமத்தை இனச் செடியின் எந்தப் பாகமும் விஷம், அதைத் தொட விடாதீர்கள். செந்தட்டி பட்டால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூடியில் எழுதுவது

மூடியின் உள்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி அதில்தான் எழுத்து. நூல் பெயர், எழுதியவர், படம் வரைந்தவர் (பலரும் இதை விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது), பதிப்பகம், பக்கங்கள். பிறகு கதையை மூன்றே வாக்கியத்தில், முடிவைச் சொல்லாமல். அதற்குக் கீழே, சிவப்பு நூல் கட்டிய இடங்களில் ஒன்றை எடுத்து, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறியோடு அப்படியே எழுதி, பக்க எண் போட்டு, அங்கே தொடர்கள் ஏன் பிரிந்தன என்று பத்து வரி. அவ்வளவுதான். இந்தப் பத்து வரிக்காகத்தான் இத்தனை வெட்டலும் ஒட்டலும், அதனால் இதற்கு மட்டும் ஒரு வகுப்பு நேரம் முழுதாகக் கொடுங்கள்.

வாய்மொழியாகச் சொல்லும்போது ஒரு சிவப்பு நூலைக் காட்டி இரண்டு நிமிடம் பேசினால் போதும். வீட்டில் படுகர் மொழியோ மலையாளமோ கன்னடமோ இருளர் மொழியோ பேசுகிற பிள்ளைகள் நம் வகுப்புகளில் உண்டு. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் தன் மொழியில் சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் வகுப்புக்குத் தமிழில் சொல்லட்டும், பேச்சு எவ்வளவு தாராளமாக வருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

மதிப்பெண் பத்து என்றால் நான் பிரிப்பது இப்படி: பத்து வரிக்கு 4, பக்க எண்கள் சரிபார்த்தால் பொருந்துவதற்கு 3, சீட்டுக்கு 2, செய்நேர்த்திக்கு 1. நேர்த்திக்கு அதிகம் கொடுத்தால் அப்பா அம்மா உட்கார்ந்து செய்துவிடுவார்கள். சரிபார்ப்பதும் சுலபம், ஏதாவது ஒரு சிகரத்தைத் தொட்டு, புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து, இங்கே என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

பள்ளியில் புத்தகம் குறைவாக இருந்தால் நான்கு பேருக்கு ஒரு புத்தகம் கொடுங்கள். பின் தொடரையும் நடுத் தொடரையும் நால்வரும் பேசி முடிவு செய்யட்டும், முன் தொடரை மட்டும் ஆளுக்கு ஒன்றாக வெட்டி, ஒட்டாமல் மாற்றி மாற்றிச் செருகிப் பார்க்கட்டும். ஒருவருக்குச் சிகரமான பக்கம் இன்னொருவருக்குப் பள்ளமாக இருக்கும்போது வருகிற வாக்குவாதத்தை நிறுத்திவிடாதீர்கள், இருவரையும் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். வாழ்க்கை வரலாறு என்றாலும் இதே மூன்று தொடர்தான். அறிவியல் புத்தகம் என்றால் நடுத் தொடரை "எனக்கு முன்பே தெரிந்தது" என்று மாற்றிக்கொள்ளலாம்.

பள்ளிக்குக் கொண்டுபோகும் நாளில் மூடியைப் போட்டு இரண்டு ரப்பர் பேண்டு மாட்டித் துணிப்பையில் வையுங்கள். காலை பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிட்டால் பத்திரமாக வந்து சேரும். காட்சிக்கு வைக்கும்போது பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகத்தையும் வையுங்கள், நூலகப் புத்தகமாக இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியை முன்கூட்டியே நீட்டித்து வாங்கிக்கொள்ளுங்கள், பெட்டியைப் பார்த்தவர்களில் யாராவது அதைக் கையில் எடுக்காமல் இருக்க மாட்டார்கள்.